இருபதாவது நிமிடத்தில் என்ன ஆகிறது?

கேமைத் திறந்ததும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது என்று காட்டும் எண் 120 என்று ஓடும். ஆள் ஓடினால் வழுக்கிக்கொண்டு போகும்; மவுஸ் திரும்பிய திசையில் பார்வையும் உடனே திரும்பும். பதினைந்து, இருபது நிமிடம் போனதும், எதிராளி வாசலில் தலைகாட்டும் நேரம் பார்த்து 120 என்பது 45 ஆகும். படம் வெட்டி வெட்டி ஓடும். சில நொடிகளில் பழையபடி 110. மறுபடியும் 40. ஃபேன் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். கீபோர்டின் நடுவில் விரல் வைக்க முடியாது.

கல்லூரி ஹாஸ்டல்களில் லேப்டாப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5 என எந்த கேமாக இருந்தாலும் புகார் ஒன்றுதான்: "ஃபிரேம் டிராப் ஆகுது." வீட்டில் மாதத் தவணை கட்டி வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. அடுத்த மூன்று, நான்கு வருடப் படிப்பும் புராஜெக்ட்டும் அதில்தான் நடந்தாக வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால் 'ஃபார்மேட் போடுங்க', 'ரேம் ஏத்துங்க', 'இந்த மாடலே அப்படித்தான்', 'புதுசு வாங்கிடுங்க' என்ற நான்கு பதில்களில் ஒன்று வரும். இந்த நான்கில் எதற்கும் காசு கொடுக்கும் முன், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எப்போது குறைகிறது?

ஃபிரேம் குறையும் நேரமும் விதமும் காரணத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு ஏறி இறங்கினால் சூடு. ஆரம்பித்த அரை நிமிடம், ஒரு நிமிடத்திலேயே ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் மின்சார வரம்பு. சார்ஜரைப் பிடுங்கிய நொடியே விழுந்தால் அதுவும் மின்சாரம்தான். புது அறைக்குள் நுழையும்போதும், முதல்முறை குண்டு வெடிக்கும்போதும் மட்டும் ஒரு கணம் நின்றால் ஷேடர் (அது என்ன என்று பின்னால் பார்ப்போம்). நேரம் போகப்போக, பெரிய நகரத்துக்குள் வண்டி ஓட்டப்போக மோசமானால் நினைவகம். கடிகாரம் வைத்தாற்போல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினால், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராமோ, டிரைவரோ, லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸோ. எண் 120-லேயே நிற்க, ஆள் மட்டும் இடம் மாறி மாறிக் குதித்தால் அது இன்டர்நெட் கோளாறு. அதற்கு லேப்டாப்பைத் திறந்து பயனில்லை.

ஒரு நொடிக்குள்

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒரு படத்தை வரைந்து முடிக்க லேப்டாப்புக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் 7 மில்லி விநாடிக்கும் குறைவு. அதற்குள் யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது என்றெல்லாம் பிராசஸர் கணக்குப் போட வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் அதைப் படமாக்க வேண்டும்.

ஒரு நொடியில் 900 மில்லி விநாடி ஒழுங்காக ஓடி, ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் வந்த படங்கள் 55. மூலையில் தெரியும் எண்ணைப் பார்த்தால் 60-க்கு 55, பரவாயில்லையே என்று தோன்றும். கண்ணுக்கோ ஆறு படங்கள் வரவேண்டிய இடத்தில் ஒரே படம் உறைந்து நின்றிருக்கிறது. எதிராளி சுடுவதற்கு அந்த நேரம் போதும். சராசரி எண் இதை மறைத்துவிடுகிறது. 'தி டெக் ரிப்போர்ட்' இதழின் ஸ்காட் வாஸன் 2011-ல் ஒரு நொடிக்குள் இருக்கும் ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே அளந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், கிராஃபிக்ஸ் கார்டு விமர்சகர்கள் சராசரியோடு நிறுத்தாமல் ஃபிரேம் டைமையும் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்று விமர்சனங்களில் '1 சதவீத லோ' என்று போடுகிறார்களே, அது மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் கணக்கு. சராசரி 110, ஒரு சதவீத லோ 35 என்றால் அந்த கேம் விளையாடும்போது எரிச்சல்தான் மிஞ்சும். சராசரி 70, லோ 60 என்றால் நிம்மதியாக ஆடலாம்.

அளப்பதற்குக் காசு வேண்டாம். விண்டோஸ் பட்டனோடு ஜி-யை அழுத்தினால் வரும் கேம் பாரிலேயே எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) தெரியும். ஆழமாகப் பார்க்க எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். எந்த நிறுவன லேப்டாப்பிலும் ஓடும். ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எல்லா சென்சார்களையும் நொடிக்கு நொடி ஃபைலில் பதிந்துவைக்கும். பிராசஸரின் வெப்பம், வாட், மெகாஹெர்ட்ஸ்; கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பம், வாட், மெகாஹெர்ட்ஸ்; வீடியோ மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது; ஃபிரேம் டைம் வரைபடம். இவ்வளவையும் திரையின் மூலையில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் விளையாட வேண்டும்.

விழும் நொடியில் எந்த எண் முதலில் அசைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிராசஸர் வெப்பம் 98-ஐத் தொட்டு, 4,200 மெகாஹெர்ட்ஸ் 2,600-க்கு இறங்கி, அதன் பின்னாலேயே ஃபிரேமும் இறங்கினால், சூடு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் சிப் 70 டிகிரியில் நிதானமாக இருக்க, அதன் வாட் மட்டும் 80-லிருந்து 35-க்கு விழுந்தால் சார்ஜரையும் பவர் மோடையும் பார்க்க வேண்டும். எந்த எண்ணும் அசையாமல் ஃபிரேம் டைம் வரைபடத்தில் மட்டும் ஊசி போல ஒரு கோடு எழுந்தால், கோளாறு ஹார்டுவேரில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஜி.பி.யு.-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய், கிராஃபிக்ஸ் சிப்பின் வேகத்தைத் தடுப்பது வெப்பமா, மின்சாரமா, வோல்டேஜா என்று காரணத்தையே காட்டிவிடும்.

சூடு

கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலான ஃபிரேம் டிராப்புக்கு மூல காரணம் சூடுதான். நம் ஊரில் அது இன்னும் கடுமையாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு.

லேப்டாப்பின் ஃபேன் எதையும் குளிர்விப்பதில்லை. அறைக் காற்றை எடுத்து சிப்பின் சூட்டை வெளியே தள்ளுகிறது. சிப் எவ்வளவு சூடாகும் என்பது அறையின் வெப்பத்துக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு. 22 டிகிரி அறையில் சிப் 85-ல் நின்றால், அதே வேலையை 36 டிகிரி அறையில் செய்யும்போது ஏறக்குறைய 99-ல் நிற்கும். லேப்டாப் பிராசஸர்கள் 95 முதல் 105 டிகிரிக்குள் ஏதோ ஓர் இடத்தில் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. என்விடியாவின் லேப்டாப் சிப்புகளில் அந்த எல்லை பெரும்பாலும் 87 டிகிரி. ஆக, ஏ.சி. அறையில் எடுத்த யூடியூப் விமர்சனத்தில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே மாடல், மே மாதத்து சென்னையில் மின்விசிறிக்குக் கீழே தடுமாறுவதற்கு லேப்டாப் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த 14 டிகிரி போதும்.

விளம்பரத்தில் வரும் வேகத்தைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். இன்டெல் கோர் ஐ7-12700ஹெச் பிராசஸரின் அடிப்படை மின் அளவு 45 வாட். டர்போ உச்சம் 115 வாட். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் 4.7 கிகாஹெர்ட்ஸ் அந்த உச்சத்தைச் சேர்ந்தது. எத்தனை வாட்டில், எத்தனை விநாடி ஓட அனுமதிப்பது, அதன் பிறகு எங்கே இறங்குவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மெல்லிய உடலும் சின்ன ஃபேனும் இருந்தால் அந்த உச்சம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். கேம் ஓடுவதோ மணிக்கணக்கில். போதாக்குறைக்கு, பிராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் பெரும்பாலான மாடல்களில் ஒரே செப்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் கொதிக்கும்.

விலை உயர்ந்த லேப்டாப்பில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் ஆப்பிளின் 15 அங்குல மேக்புக் புரோ, கோர் ஐ9 பிராசஸரோடு வந்தது. வீடியோ ரெண்டரிங்கில் அது முந்தைய வருட மாடலைவிடப் பின்தங்குவதாக யூடியூபர் டேவ் லீ காட்டினார். லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியபோது வேகம் கூடியது! சில நாட்களில் ஆப்பிள், வெப்பத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டிருந்ததாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, ஜூலை 24 அன்று திருத்தம் வெளியிட்டது. வேகம் குறைவது வெப்பத்தினாலா என்பதை ஒரு தனிமனிதர் வீட்டு ஃப்ரீசரை வைத்தே நிரூபித்தார் என்பது இதில் முக்கியம். (இதைப் படித்துவிட்டு யாரும் லேப்டாப்பை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்த்துக்கொள்ளும்.)

இரண்டு வருடம் ஓடிய ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் பிரச்சினை கண்ணுக்கே தெரியும். ஃபேனின் இறக்கைகளில் பெரிதாகத் தூசி இருக்காது. பார்க்க வேண்டிய இடம் ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும் செப்புக் குழாயின் முடிவில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே. தலைமுடி, மெத்தைப் பஞ்சு, சுவரின் சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேர்ந்து, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல அங்கே படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. சில சமயம் இன்னும் உள்ளேதான் போய் அடையும். ஃபேனைக் கழற்றி, இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். அதை எடுத்துவிட்டு மூடியை மாட்டினாலே சிப்பின் வெப்பம் கண்கூடாக இறங்கும். மெத்தைமேல் வைத்து விளையாடும் பழக்கம் இருந்தால், ஆறு மாதத்திலேயே இந்தப் படலம் உருவாகிவிடும்.

இதை நீங்களே செய்வதானால், முதலில் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்தவுடன் பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட வேண்டும். ஏர் புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ தொடவே வேண்டாம். நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது அடுத்த கட்டம். சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பசை, சில வருடச் சூட்டில் காய்ந்தோ ஓரங்களுக்கு ஒதுங்கியோ போய்விடும். சுத்தம் செய்தும் பிராசஸர் சில நொடிகளில் 95-ஐத் தொட்டால் பேஸ்ட்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் மாற்றித் தருகிறார்கள். என்ன பேஸ்ட் போடுகிறீர்கள் என்று கேட்பதும், மெமரி சிப்புகள்மேல் இருக்கும் தெர்மல் பேடுகளைக் கிழிக்காமல் எடுக்கச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. சில விலை உயர்ந்த மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரம் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் லேப்டாப்பே போய்விடும். அதை அனுபவம் இல்லாத கையில் கொடுக்கக் கூடாது.

காசே செலவழிக்காமல் செய்யக்கூடியவை இரண்டு. லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தால் அடியில் காற்று புக வழி கிடைக்கும். பல மாடல்களில், நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் மலிவான கூலிங் பேடைவிட இதுவே உருப்படியான பலன் தருகிறது.

இரண்டாவது, எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை உள்ள வழி: ஃபிரேமுக்கு நீங்களே ஒரு வரம்பு வைப்பது. சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகம் ஏற வோல்டேஜும் ஏற வேண்டும் என்பதால், கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் மின்சாரமும் சூடும் மிக அதிகம். 120-க்கும் 45-க்கும் நடுவே ஊசலாடும் கேமை 80-ல் கட்டிப்போட்டால், சிப் கடைசி மூச்சுவரை ஓட வேண்டியதில்லை. சூடு இறங்கும், 80 என்பது மணிக்கணக்கில் 80-ஆகவே நிற்கும். கேமின் செட்டிங்ஸிலோ, என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ, ரிவாட்யூனரிலோ இதை வைக்கலாம். இதே காரணத்தால்தான் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்குவதும் பலருக்குக் கைகொடுக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் அந்த ஒரு சதவீதம் டர்போவையே நிறுத்திவிடும். உச்ச வேகம் போகும்; பத்து டிகிரிக்கு மேல்கூட வெப்பம் இறங்கும்.

வோல்டேஜைக் குறைக்கும் 'அண்டர்வோல்ட்' முறை ஒரு காலத்தில் கேமர்களின் செல்லப் பிள்ளை. 2019 டிசம்பரில், வோல்டேஜை மாற்றும் அதே வசதியின் வழியாகத் தாக்கக்கூடிய 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் அப்டேட் மூலம் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். கிராஃபிக்ஸ் சிப்பில் ஆஃப்டர்பர்னர் வழியாக இன்னும் செய்ய முடிகிறது.

வாட் கணக்கு

சார்ஜரைப் பிடுங்கியதும் ஃபிரேம் பாதியாகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விமானத்தில் விமான நிறுவனத்தின் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் எல்லை 100 வாட்-அவர். அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பாக இருந்தாலும் பேட்டரி அதற்குள்தான் நிற்கும். நடுத்தர மாடல்களில் 60 வாட்-அவர் வாக்கில் இருக்கும். கேம் ஓடும்போது மொத்த லேப்டாப்பும் 150 வாட் இழுத்தால் அந்த பேட்டரி 24 நிமிடத்தில் காலி. அதற்கு முன்பே செல்கள் அந்த வேகத்தில் மின்சாரம் கொடுக்கத் திணறும். ஆகவே பேட்டரியில் ஓடும்போது தயாரிப்பாளர்களே வாட்டை வெட்டிவிடுகிறார்கள். சரியாக 30-ல் ஒட்டிக்கொண்டு நின்றால், பேட்டரியில் ஓடும்போது ஃபிரேமுக்கு வரம்பு வைக்கும் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போதும் 60-க்கும் 30-க்கும் நடுவே தாவினால், வி-சிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரு படம் 16.7 மில்லி விநாடியைத் துளி தாண்டினாலும், திரையின் அடுத்த முறைக்காக 33.3 வரை காத்திருக்கும் ஏற்பாடு அது.

சார்ஜர் மாட்டியிருந்தும் குறைந்தால், எந்த சார்ஜர் என்று பார்க்க வேண்டும். கேமிங் லேப்டாப்போடு வரும் செங்கல் சைஸ் அடாப்டர் 180 வாட்டோ 230 வாட்டோ இருக்கும். வகுப்புக்குத் தூக்கிப்போக வசதியாக இருக்கிறதென்று வாங்கிய டைப்-சி சார்ஜர் பெரும்பாலும் 65 அல்லது 100 வாட். பாடம் எழுத அது போதும், கேமுக்குப் போதாது. ஒரிஜினல் அல்லாத அடாப்டரை லேப்டாப் அடையாளம் காணாவிட்டாலோ, ஊசி முனை தளர்ந்திருந்தாலோ, பிராசஸர் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டு கேம் மட்டுமல்ல, பிரவுசரே நகராது. அப்படி ஒட்டிக்கொண்ட எண்ணைக் கண்டால் விண்டோஸை ஃபார்மேட் போடாதீர்கள். முதலில் வேறொரு சரியான அடாப்டரை மாட்டிப் பாருங்கள்.

ஒரே பெயர் கொண்ட கிராஃபிக்ஸ் சிப் ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதும் வாட்டால்தான். லேப்டாப்புக்கான ஆர்.டி.எக்ஸ். 3060 சிப்பை 60 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்த என்விடியா அனுமதித்தது. 60 வாட் லேப்டாப்பும் 115 வாட் லேப்டாப்பும் கடையில் ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விமர்சனம் கிளம்பிய பிறகு, 2021-ல் அந்த எண்ணை வெளியிடும்படி தயாரிப்பாளர்களிடம் என்விடியா சொன்னது. இன்றைக்கும் அது இணையதளத்தின் அடியில் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் கடை விலைப்பலகையில் பார்க்க முடிவதில்லை. தவணை கட்டி வாங்கும் குடும்பத்துக்கு அந்த எண் பெட்டியின் முகப்பிலேயே தெரிய வேண்டும்.

நினைவகம்

ஒரே ஒரு 8 ஜி.பி. ரேம் ஸ்டிக்கோடு விற்கப்படும் லேப்டாப்கள் ஏராளம். டி.டி.ஆர்.4-3200 ரேமில் ஒரு ஸ்டிக் இருந்தால் நொடிக்கு 25.6 ஜி.பி. கடத்தலாம், இரண்டு ஸ்டிக் இருந்தால் 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் அதே பாதையைத்தான் பங்கிட வேண்டும். அங்கே இரண்டாவது ஸ்டிக்கைப் போல நியாயமான செலவு வேறில்லை. கடைக்காரர் 'ரேம் ஏத்துங்க' என்று சொல்வது சரியாக அமையும் இடம் இது.

தனி கார்டு இருந்தால் வீடியோ மெமரியைப் பாருங்கள். ஜி.டி.எக்ஸ். 1650, ஆர்.டி.எக்ஸ். 3050 போன்ற லேப்டாப் சிப்புகளில் பெரும்பாலும் 4 ஜி.பி. தான். அது நிரம்பி வழிந்தால் மிச்சத்தை ரேமிலிருந்து எடுத்துவர வேண்டும். அந்தப் பாதையின் வேகம் வீடியோ மெமரியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அரைமணி நேரம் கழித்து புது ஏரியாவுக்குள் போகும்போது சறுக்குவது இதனால்தான். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் தீர்ந்துவிடும். நிழல், ஒளி, தூரம் எதையும் தொட வேண்டியதில்லை. கேம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்.எஸ்.டி.-க்கு மாற்றுங்கள்.

லேப்டாப்மேல் தவறில்லாதபோது

எல்லாம் சரியாக இருந்தும் தட்டுகிறது என்றால், தப்பு கேமில் இருக்கலாம். ஒரு பொருளின்மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் சிறு புரோகிராம்தான் ஷேடர். அதை உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றியாக வேண்டும். 2015-ல் விண்டோஸ் 10-ஓடு வந்த டைரக்ட்எக்ஸ் 12, முன்பு டிரைவர் பார்த்துக்கொண்ட பல வேலைகளை கேம் செய்பவர்களின் பொறுப்பாக்கியது. அவர்கள் முன்கூட்டியே மாற்றி வைக்காவிட்டால், முதல் வெடிப்பு, முதல் தீ, முதல் மழை வரும்போது ஆட்டம் நின்று மாற்றிவிட்டுப் போகும். 2022 பிப்ரவரியில் 'எல்டன் ரிங்' கேம் வெளியானபோது விலை உயர்ந்த கணினிகளிலும் தடுக்கியது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கருவியில், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சிப் என்பதால், தயாராக மாற்றிய ஷேடர்களை டவுன்லோடிலேயே அனுப்பிவிடுகிறார்கள். லேப்டாப்களில் ஆயிரம் வகைச் சேர்க்கைகள், அது முடியாது. சில கேம்கள் முதல்முறை திறக்கும்போது 'ஷேடர் தயாராகிறது' என்று பல நிமிடம் ஓடும். பொறுமையிழந்து அதை நிறுத்தாமல் விடுவது முக்கியம். டிரைவரைப் புதுப்பித்த பிறகு இரண்டு நாள் தட்டினால் பயப்பட வேண்டாம். பழைய ஷேடர்கள் அழிந்து மறுபடி சேர்கின்றன.

பயாஸும் ஆட்டத்தைக் கெடுக்கும். விண்டோஸ் 11-க்குத் தேவைப்படும் டி.பி.எம். பாதுகாப்பு வசதி, சில ரைசன் கணினிகளில் மதர்போர்டின் ஃபிளாஷ் மெமரியோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததால் முழுக் கணினியும் கணநேரம் உறைவதாக 2022-ல் ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தம் தந்தது. 2025 செப்டம்பரில் அசூஸின் ஆர்.ஓ.ஜி. லேப்டாப்கள் சிலவற்றில் விட்டுவிட்டு வரும் தடுமாற்றத்தை ஒரு பயனர் ஃபர்ம்வேர் வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தார். அவசர வேலையை நொடியில் முடித்துத் திரும்ப வேண்டிய இடத்தில் 'கொஞ்சம் காத்திரு' என்ற கட்டளை எழுதப்பட்டிருந்ததைக் காட்டினார். ஆராய்வதாக நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. வருடக்கணக்கில் "உன் லேப்டாப்பில் குப்பை சேர்ந்திருக்கு, ஃபார்மேட் போடு" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி பெரிய ஆறுதல். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், எந்த டிரைவர் இப்படி நேரம் தின்கிறது என்று பெயரோடு காட்டும்.

தொடக்கூடாதவை

'எஃப்.பி.எஸ். பூஸ்டர்' என்று வரும் எதையும் நிறுவாதீர்கள். சூட்டையோ வாட்டையோ அவற்றால் மாற்ற முடியாது. பின்னணியில் இன்னொரு புரோகிராமைச் சேர்ப்பதுதான் மிச்சம். யூடியூப் வீடியோ பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதும் அப்படியே. விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் கேமின் வேகம் கொஞ்சம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. விளையாடி முடித்ததும் திரும்பப் போட்டுவிடும்படியும் சொல்லியிருக்கிறது. வீட்டின் வங்கிக் கணக்கும் அதே லேப்டாப்பில் இருக்கும்போது, சில ஃபிரேமுக்காக அதை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்ய வேண்டியவை எளியவை: லேப்டாப்போடு வந்த மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் மோட் போடுவது, விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் அந்த கேமுக்குத் தனி கார்டைத் தேர்ந்தெடுப்பது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அப்டேட்டோ பேக்கப்போ ஓடுகிறதா என்று பார்ப்பது.

கடையில்

புதிதாக வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கிராஃபிக்ஸ் எத்தனை வாட்? ரேம் எத்தனை ஸ்டிக், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா? அடியில் காற்று புகும் இடம் எவ்வளவு? முதல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த வாரமே, மாற்றித்தரும் கெடு முடிவதற்குள், ஏ.சி. போடாத அறையில் அரைமணி நேரம் கேம் ஓட்டி ஹெச்.டபிள்யூ. இன்ஃபோவில் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஃபைலை அழிக்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து ஃபிரேம் விழ ஆரம்பித்தால் அதே அறையில் அதே கேமை மறுபடி பதிந்து இரண்டையும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம். 'லேக் ஆகுது' என்று வாயால் சொன்னால் ஃபார்மேட் போட்டுத் தருவார்கள். அன்று 82 டிகிரி, இன்று 98 டிகிரி, வேகம் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று தாளில் காட்டினால் மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். வாரன்ட்டி முடிவதற்குள் அதைச் செய்தால், ஃபேன் பழுதாகியிருக்கும் பட்சத்தில் அதை அவர்கள் செலவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.